மை தீட்டிய முட்டுக்கட்டை

ஆடி பிறந்து காற்று ஏறத் தொடங்கிவிட்டால் மில்லர்புரத்தில் என் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் ஒரு துணி தங்காது. அடுத்த வீட்டுப் பெண் துணிக்கு ஒரு கிளிப்பைக் குத்திவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள். நான் கிளிப்பும் குத்தி, துணியின் ஓரத்தைக் கொடியோடு சேர்த்து ஒரு முடிச்சும் போடுவேன். வாசல் கேட்டுக்கு உள்ளே ஒரு கல், வெளியே ஒரு கல்.

"என்ன ஆச்சி, இத்தனை கல்லு? வீடு என்ன ஓடியா போயிரும்?" என்று அவள் சிரிப்பாள்.

சிரிக்கட்டும். காற்றில் எது ஓடும், எது நிற்கும் என்பதை நான் ஏழு வயதில் கண்ணால் பார்த்தவள். பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, அவர்களைப் பெற்றவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆளிடம் சொல்லாமல் விட்டேன். அதற்குப் பிறகு ஊரைக் கூட்டிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன். இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போனில் வருகிறார்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினாலும் பொழுது மிஞ்சிக் கிடக்கிறது.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். ரயில்வே என்றவுடன் எல்லோரும் டிக்கெட் கொடுக்கிறவரையும், மணி அடிக்கிறவரையும் நினைத்துக்கொள்கிறார்கள். என் அப்பா அந்த வேலைகளைச் செய்யவில்லை. ஆட்கள் ஏறி இறங்கும் ரயிலோடு அவருக்குச் சம்பந்தமே கிடையாது. சரக்கு வேகன்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும்தான் அவர் வேலை. சண்டிங் என்பார்கள். தூத்துக்குடி ஸ்டேஷனிலிருந்து ஒரு லைன் தனியாகப் பிரிந்து, ஒரு பஞ்சு மில்லின் மதில் ஓரமாக வளைந்து, உப்பளங்களுக்கு நடுவே ஓடி, உப்பு ஏற்றும் மேடையருகே முடிந்துபோகும். முடிந்துபோகும் என்றால் அதற்கு அந்தப் பக்கம் ஒரு மண்மேடு, பிறகு உப்புத் தண்ணீர், பிறகு கடல். அவ்வளவுதான். அந்த லைனில் ஒரு பயணி வந்ததில்லை, போனதில்லை. வெறும் வேகன் வரும், உப்பு வேகன் போகும்.

அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அழகு தெரியும். எஞ்சின் பின்னாலிருந்து வேகன்களைத் தள்ளிக்கொண்டு வரும். ஜமேதார் என்று ஒருவர். கொடியும் விசிலும் அவரிடம்தான் இருக்கும். அவர் விசில் ஊதிக் கொடியை ஒரு வீச்சு வீசினால், அப்பா வேகனோடு வேகனாக ஓடியபடியே கொக்கியைத் தட்டிவிடுவார். எஞ்சின் நின்றுவிடும். கழன்ற வேகன் தன்பாட்டுக்கு உருண்டு போகும். அப்பா அதன் பக்கவாட்டில் ஓடி, பிரேக் கம்பியின் மேல் வயிற்றை வைத்துத் தொங்குவார். வேகன் முனகிக்கொண்டே போய், அதன் கதவு மேடையின் படிக்கு நேராக வரும்போது நிற்கும். ஒரு முழம் முன்னே போகாது, ஒரு முழம் பின்னே நிற்காது. உப்புச் சுமக்கும் பெண்கள் ஓர் எட்டுகூட அதிகமாக வைக்க வேண்டியிராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த மேடைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். ஒற்றை வீடு. சுற்றிலும் பாத்தி பாத்தியாக வெள்ளை. உப்பு அம்பாரங்களுக்கு ஓலை மூடியிருக்கும். ஒரு மரம் கிடையாது, ஒரு காக்கை வந்து உட்காரக் கிளை கிடையாது. குடிக்கத் தண்ணீர்கூட எஞ்சினிலிருந்துதான் வரும். டிரைவர் குழாயைத் திறந்து எங்கள் குடங்களை நிரப்பித் தருவார். வெதுவெதுப்பாக, லேசாக எண்ணெய் வாடையோடு இருக்கும். அதைக் குடித்துத்தான் வளர்ந்தேன்.

அந்த வருஷம் வைகாசியில் அம்மா பிரசவத்துக்காக ஆற்றங்கரைப் பக்கம் வயல்காட்டு ஊரிலிருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஊரில் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அம்மை போட்டிருந்ததால் என்னைக் கூட்டிப்போகவில்லை. பள்ளிக்கூடம் டவுனில் இருந்தது. கொண்டுவிட ஆள் இல்லை. ஆகவே பள்ளிக்கூடமும் நின்றது. அப்பா காலையில் சோறு வடித்து, ஒரு கருவாட்டுத் துண்டைச் சுட்டு வைத்துவிட்டு எஞ்சினோடு போய்விடுவார். காலையில் வெறும் வேகன்களை மேடையில் விட்டுவிட்டு மில் லைனுக்குப் போனால், உப்பு ஏறிய வேகன்களை எடுத்துப்போகத் திரும்பவும் பிற்பகலில்தான் வருவார்கள். அதுவரை வீட்டில் நான் மட்டும்தான். மேடையில் உப்புச் சுமக்கும் பெண்கள் கூடையிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். கூப்பிடு தூரத்தில் பாத்தி வாரும் ஓர் அத்தை இருந்தாள். சொந்த அத்தை இல்லை, உப்பளத்து வேலைக்காரி. தூரத்திலிருந்தே "ஏளா, இருக்கியா?" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். "இருக்கேன்" என்று நான் ஒரு சத்தம் கொடுப்பேன். சில நாள் அதுதான் நான் பேசுகிற ஒரே பேச்சு.

ஜமேதார் வந்தால் மட்டும் கொஞ்சம் சிரிப்பு இருக்கும். வெள்ளை மீசைக்காரர். அப்பா அவரை அண்ணாச்சி என்பார். எஞ்சினிலிருந்து குதித்ததும் என்னைப் பார்த்து, "ஏளா ஸ்டேசன் மாஸ்டரு, லைன் கிளியரா இருக்கா?" என்பார்.

"இருக்கு."

"வழியில ஆடு, மாடு, ஒங்க அய்யன் எதும் படுத்துக் கெடக்கா?"

"இல்ல."

"அப்பம் சரி."

அவர் தை மாதத்தோடு வேலையை முடித்துக்கொள்ளப் போகிறார். அவருக்குப் பிறகு அந்தப் பித்தளை விசில் அப்பாவுக்குத்தான் வரும் என்று டிரைவரிலிருந்து உப்பளக் கணக்குப்பிள்ளைவரை எல்லோரும் சொன்னார்கள். அப்பா வாயால் சொல்லமாட்டார். ஆனால் சாயங்காலம் வீட்டு முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலை உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பார். ஒரு நீளம், இரண்டு குட்டை. "விசில் வரட்டும் தாயி, மொத ஊது ஒனக்குத்தான்" என்று என் தலையில் கை வைத்து ஆட்டுவார். அவர் உள்ளங்கை பிரேக் கம்பியில் தேய்ந்து சொரசொரவென்று இருக்கும். முடி அதில் மாட்டி இழுக்கும். எனக்கு அது பிடிக்கும்.

இனி கட்டையின் கதைக்கு வருகிறேன்.

வேகன்களை விட்டுவிட்டுப் போகும்போது கடைசி வேகனின் சக்கரத்துக்கு அடியில், தண்டவாளத்தின் மேல், அப்பா ஒரு முட்டுக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடிப்பார். தேக்குக்கட்டை. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து இருக்கும். வைத்தபின் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் பார்த்ததெல்லாம் அந்த ஒற்றிக்கொள்வதைத்தான். டவுனில் புது கார் வாங்கினவர்கள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்த மாதிரி ஏதோ சாமி காரியம் என்று நினைத்துவிட்டேன். இத்தனை பெரிய இரும்பு வண்டியை இத்தனூண்டு கட்டை நிறுத்துகிறது என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

ஒருநாள் சும்மா அதை ஒரு கல்லால் பக்கவாட்டில் தட்டினேன். வந்துவிட்டது. தூக்கினால் நல்ல கனம். பிறந்த பிள்ளையின் கனம். எண்ணெயும் கிரீசும் ஊறி, தோல் மாதிரி வழவழவென்று இருந்தது. துணியில் சுற்றினால் தடித்த பக்கம் தலை, மெலிந்த பக்கம் கால். அம்மா போகும்போது விட்டுப்போன பழைய சேலைக் கிழிசலில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இடுப்பில் சரியாக உட்கார்ந்தது. அம்மாவின் மை டப்பா மாடக்குழியில் இருந்தது. கட்டையின் அடிப்பக்கத்தில் இரண்டு கண், ஒரு புருவம், கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு. இன்னொரு புருவம் வரைய இடம் இல்லை.

அதன்பிறகு தினமும் எஞ்சின் போனதும் போய்ப் பிள்ளையை எடுத்து வருவேன். குளிப்பாட்டுவேன். உத்திரத்தில் அம்மா எனக்குக் கட்டிய தொட்டில் வளையம் இருந்தது. அதில் சேலையைக் கோத்துப் போட்டு ஆட்டுவேன். அம்மா எப்போது வருவாள், வந்தால் என்ன கொண்டுவருவாள் என்றெல்லாம் அதனிடம் சொல்வேன். மில் வளைவில் எஞ்சின் கூவியதும் துணியை அவிழ்த்து ஓடிப்போய்ச் சக்கரத்தடியில் வைத்துவிடுவேன், கண் இருக்கும் பக்கம் கீழே வரும்படி. குப்புறப் படுத்துத் தூங்குகிற பிள்ளை மாதிரி இருக்கும். கிரீஸ் கறுப்போடு கறுப்பாக மை அப்பா கண்ணில் படவில்லை போலும். மறுநாள் எடுக்கும்போது அது கொஞ்சம் கலைந்திருக்கும். புதிதாகத் தீட்டிவிடுவேன்.

அதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாறு வேகன்கள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டி நிற்கும், பிரேக்கும் இறுகியிருக்கும், உப்பும் ஏறிவிடும். கட்டை இல்லாததை அவை பொருட்படுத்தவில்லை.

ஆடி பிறந்து சில நாள் இருக்கும். அன்றைக்குக் காலையிலேயே மேற்குக் காற்று கூரை ஓட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வேகனின் கதவு வளைந்து திறக்கவில்லை. உப்பு ஏற்ற முடியாது என்று அதை மட்டும் கழற்றி, மேடைக்கருகே பிரியும் கிளை லைனில் தனியாக விட்டார்கள். அப்பா பிரேக் கம்பியை அமுக்கிப் பார்த்தார். "பல்லு தேஞ்சு போயிருக்கு அண்ணாச்சி, பிடிக்கல" என்றார்.

"காத்து வேற பேயா அடிக்கி. கட்டையை நல்லா இறுக்கி வைலே."

"வச்சாச்சு."

சுத்தியல் சத்தம் எனக்கும் கேட்டது. வழக்கமாக நாலு அடி, அன்றைக்கு அதிகம்.

எஞ்சின் போனதும் நான் போனேன். அன்றைக்குப் பிள்ளை லேசில் வரவில்லை. ஒரு பெரிய கல்லை எடுத்து, உட்கார்ந்துகொண்டு, தட்டித் தட்டி எடுத்தேன். "இன்னைக்கு என்ன இத்தனை பிடிவாதம்?" என்று அதைக் கண்டித்தது நினைவிருக்கிறது. வேகன் அசையவில்லை. நான் பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உச்சிப்பொழுதில் காற்று முழுமூச்சாக ஏறிற்று. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ முனகுவது மாதிரி ஒரு சத்தம். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அந்த வேகன் தானாகப் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் இல்லை, ஆள் இல்லை, விசில் இல்லை. நடக்கிற வேகம்தான். நான் பயப்படவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சந்தோஷப்பட்டேன். அத்தனை நாள் என்னோடு சும்மா நின்றுகொண்டிருந்த ஒன்று எங்கோ புறப்பட்டிருக்கிறது. நானும் அப்பா மாதிரி அதன் பக்கவாட்டில் ஓடினேன். பிறகு அது வேகமெடுத்தது.

"ஏளா! தள்ளி ஓடு! ஏளா!" பாத்தியிலிருந்து அந்த அத்தை வரப்பில் விழுந்து எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

லைனுக்குக் குறுக்கே வண்டிப் பாதை போகும். அதில் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று தண்டவாளத்தின் மேலேயே நின்றது. வண்டிக்காரர் கீழே குனிந்து அச்சாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் அப்படியே பின்னால் பாய்ந்தார். வேகன் வண்டியின் பின்பக்கத்தை அடித்து நொறுக்கிற்று. நுகத்தடி ஒடிந்து மாடுகள் இரண்டும் இரண்டு திசையில் ஓடின. மூட்டைகள் வெடித்தன. வேகன் நிற்கவில்லை. மண்மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, உப்புத் தண்ணீரில் அச்சுவரைக்கும் அமிழ்ந்து, எருமை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

வண்டிக்காரருக்கு முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. ஓர் அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் ஆள் இல்லை.

நான் வீட்டுக்கு ஓடி, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு மூடினேன். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். நல்ல வேளை, இன்றைக்கு எடுத்து வந்தோம். சக்கரத்தடியில் படுத்திருந்தால் நசுங்கிப் போயிருக்கும்.

ஆள் ஓடிச் சொல்லி, எஞ்சின் கூவிக்கொண்டே வந்தது. எஞ்சின் நிற்குமுன்பே அப்பா குதித்தார். வேகனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பிற்று.

"கட்டை வச்சியாலே?" என்றார் ஜமேதார். அன்றைக்கு அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"வச்சேன் அண்ணாச்சி."

"வச்ச கட்டை எங்கலே? தண்டவாளத்துல ஒரு மரச் சிராய்கூட இல்லயே."

"வச்சேன்." அப்பா என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, என் தலையில் அந்தச் சொரசொரத்த கையை வைத்தார். "எம்பிள்ளை தலை மேல சத்தியமா வச்சேன். ஒரு தட்டுக்கு ரெண்டு தட்டா தட்டித்தான் வச்சேன்."

உப்பளத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பிள்ளை தலையில் கை வைத்த பிறகு எங்கள் பக்கத்தில் ஒருவர் மறுவார்த்தை கேட்கமாட்டார்கள்.

எல்லோரும் லைன் ஓரமாகக் கட்டையைத் தேடினார்கள். நானும் தேடுகிற மாதிரி அவர்கள் பின்னால் நடந்தேன். அவர்கள் தேடுவது கட்டையை. என்னிடம் இருந்தது பிள்ளை. இரண்டும் ஒன்று என்பது தெரியாமல் இல்லை. ஆனால் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது என்பது அதைவிட நன்றாகத் தெரிந்தது.

பொழுது சாயுமுன் இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்தார். நாலு பேர் தண்டவாளத்தின் மேல் ஓடித் தள்ளிக்கொண்டு வர, குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காகிதத்தை விரித்தார்.

"நீ வச்சது நெஜம்னா எவனோ எடுத்திருக்கணும். விறகுக்கு ஆகும்னு எடுத்திருப்பான்." அவர் கண் உப்பளத்து ஆட்கள் பக்கம் போயிற்று. "போலீசை விட்டு ஒவ்வொரு குடிசையா பாக்கச் சொல்லுதேன். எடுத்தவன் ஜெயிலுக்குப் போவான். ஆள் சாகக் கெடந்திருக்கு, விளையாட்டா?" பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ இங்கனதான இருந்த? யாரும் வந்தாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அத்தை, "அய்யா, சின்னப் பிள்ளை அது, அதுக்கென்ன தெரியும்?" என்றாள். இன்ஸ்பெக்டர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அப்பா தம்ளரை எடுக்க உள்ளே போனார்.

நான் நின்ற இடத்திலிருந்து வீட்டுக்குள் தெரியும். அப்பா பானைப் பக்கம் போனவர் நின்றார். அந்த வீட்டில் தொட்டில் தொங்க அப்போது ஒரு காரணமும் இல்லை. சேலையை விலக்கினார். குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. பிறகு தலையைத் திருப்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். பிள்ளை தூங்குகிறது, எழுப்பாதீர்கள் என்று.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதன் நுனியை நாக்கில் நனைத்து, என் பிள்ளையின் கண்களைத் துடைத்தார். முதலில் ஒரு கண், அப்புறம் மற்றது. புருவத்தையும் பொட்டையும் அழுத்தித் தேய்த்தார். சேலைக் கிழிசலை உருவித் தொட்டிலுக்குள்ளேயே போட்டார். ஒரு கையில் தண்ணீர்த் தம்ளரும் மறு கையில் கட்டையுமாக வெளியே வந்தார்.

"வீட்லதான் கெடக்கு சார். காலையில எடுத்துட்டுப் போவ மறந்துட்டேன். வைக்கல."

இன்ஸ்பெக்டர் தம்ளரை விட்டுவிட்டுக் கட்டையை வாங்கினார்.

"என்னலே சொல்லுத?" ஜமேதார் ஓர் எட்டு முன்னால் வந்தார். "நான் சத்தம் கேட்டேன்ல... இப்பந்தானல பிள்ளை தலையில கைய வச்ச?"

"வேற எதையோ தட்டியிருப்பேன். புத்தி கெட்டுப் போச்சு அண்ணாச்சி."

"கட்டை போடல. அப்படித்தான? எஸ் ஆர் நோ சொல்லு, எழுதணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போடல சார்."

அத்தை தரையில் காறித் துப்பினாள். "தூ! வேலைக்குப் பயந்து பெத்த பிள்ளை தலையிலயா பொய்ச் சத்தியம் பண்ணுவ? நீயெல்லாம் ஒரு தகப்பனாலே?" அம்பாரத்திலிருந்து ஒரு கை உப்பை அள்ளி வந்து என் தலையை மூன்று முறை சுற்றித் தண்ணீரில் எறிந்தாள். "சத்தியம் பிள்ளையத் தின்னுரக் கூடாது, சாமி" என்று என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். போலீஸ் வந்திருந்தால் முதலில் தேடியிருக்கும் குடிசை அவளுடையது. அது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அப்பா அவள் சுற்றிப்போடுவதை முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

கட்டையில் ஒரு சீட்டைக் கட்டி டிராலியில் இன்ஸ்பெக்டரின் காலடியில் வைத்தார்கள். டிராலி புறப்பட்டது. கண் இல்லாத என் பிள்ளை மல்லாந்து படுத்தபடி போயிற்று. நான் அழவில்லை. அழுது யாருக்கும் காட்டுகிற வழக்கம் எனக்கு அப்போதும் கிடையாது. அப்பாவோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

அவர் சோறு வைத்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பேன். கூப்பிட்டால் போய் நிற்பேன், பதில் சொல்லமாட்டேன். ஒருநாள் டவுனிலிருந்து ஒரு ரப்பர் பொம்மை வாங்கிவந்து பாயில் என் பக்கத்தில் வைத்தார். நீலக் கண், மூடித் திறக்கும். "இது அழியாது தாயி" என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பொம்மை வாங்கியதில்லை. ஏன் வாங்கினார் என்று நான் யோசிக்கவில்லை. செய்த தப்புக்கு லஞ்சம் என்று நினைத்து அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

வேலை போகவில்லை. ஆனால் சண்டிங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் பிளாட்பாரம் கூட்டவும் விளக்குக் கண்ணாடி துடைக்கவும் போட்டார்கள். நாங்கள் உப்பளத்து வீட்டைக் காலி செய்து ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறைக்கு வந்தோம். அங்கேயும் வேகன்கள் மோதும் சத்தம் கேட்கும். கூட்டிக்கொண்டிருக்கும் அப்பா துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்து நிற்பார். "பிரேக்கைப் பிந்திப் பிடிக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். தை மாதம் விசில் வேறொருவருக்குப் போயிற்று. ஜமேதார் விடைபெற வந்தபோது காக்கி இல்லாமல் வேட்டியில் வந்தார். என்னிடம் லைன் கிளியரா என்று கேட்கவில்லை.

"ஒன் கையில தரணும்னு இருந்தேம்லே. அந்தச் சத்தியத்தைப் பண்ணாமலாவது இருந்திருக்கலாம்" என்றார்.

"விடுங்க அண்ணாச்சி" என்றார் அப்பா.

நான் அறைக்குள்தான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். அவர் வைத்தார், நான்தான் எடுத்தேன் என்று இரண்டு வார்த்தை. கண்ணை அழித்தவர் முதலில் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, கண் மூடும்வரைக்கும் கேட்கவில்லை. இன்னொன்றும் செய்யவில்லை. அந்தக் கையை அவர் அதன்பிறகு என் தலையில் வைக்கவே இல்லை. என் கல்யாணத்தில் காலில் விழுந்து எழுந்தபோதுகூட, எல்லோரும் தலையைத் தொட்டு வாழ்த்த, அவர் மட்டும் எட்டி நின்று அரிசியைத் தூவினார். பொய்ச் சத்தியக்காரன் கை படக் கூடாது என்று ஊர் பேசியதை அவரும் கேட்டுக்கொண்டாரோ என்னவோ. என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அந்த லைனை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். உப்பு லாரியில் போகிறது. போன மாதம் முத்தையாபுரம் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அந்த வீடு இருந்த இடத்தில் ஒரு சுவர்கூட இல்லை.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் ஐப்பசியில், ஜமேதார் விடைபெற வருவதற்கு முன்பே, அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்த அறைக்குத்தான். வந்த மறுநாளே அழுக்குத் துணியை எல்லாம் குழாயடிக்கு அள்ளிப் போட்டாள். அப்பாவின் துண்டை விரித்துப் பார்த்தாள். நுனியில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை. இரண்டு மூன்று மாதம் தோய்த்தும் போகாமல் இருந்தது.

"இது என்ன, மை மாதிரி இருக்கு?" என்றாள்.

"எஞ்சின் கரி" என்றார் அப்பா.

"எஞ்சின் கரி எனக்குத் தெரியாதாக்கும்? இது நான் கூட்டுன மைதான்."

"கரின்னா கரிதாம்ளா. நீ பிள்ளையப் பாரு, நான் தோய்க்கேன்" என்று துண்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நான் தம்பியைப் பார்க்கும் சாக்கில் அம்மாவின் மடியில் ஒட்டி நின்றேன். அத்தனை நாள் மூடியிருந்த வாயைத் திறந்தேன். அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"அப்பா இப்பல்லாம் பொய்தாம்மா சொல்லுதாங்க."

அப்பா குழாயடியில் குனிந்து, அந்தத் துண்டின் நுனியைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. தேய்ப்பதையும் நிறுத்தவில்லை.